வாசலில் நின்ற கல்லறைச் சிப்பாய்

தொண்ணூறுகளின் நடுவில், ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அஜின்கோர்ட் பகுதியில் மேசை நாற்காலி விற்கும் ஒரு தளபாடக் கடையிலிருந்து என் கணவர் அந்தச் சிப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் இடுப்பளவு உயரம், செம்மண் நிறம், உச்சியில் கொண்டை. பழைய சீனப் பேரரசன் ஒருவனின் கல்லறைக்குள் புதைத்த ஆயிரக்கணக்கான சிலைகளில் ஒன்றின் நகலாம்.

"ஒவ்வொருத்தனுக்கும் வேற வேற முகம் செய்திருக்கிறாங்கள். உது எங்கட வீட்டுக்குக் காவல்" என்று கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

கல்லறை என்ற சொல் காதில் விழுந்தும் நான் அதைத் தாண்டி அடுப்படிக்குப் போனேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலையில் தண்ணீர் வார்த்துத் தோயாமல் உள்ளே கால்வைக்காத ஆட்கள் நாங்கள். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டில், எதிர்க்கதவுச் சீன அம்மாதான் என் எட்டுமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையை வாங்குவார். நான் தொழிற்சாலைக்கு ஓடுவேன். திங்கட்கிழமை சிலையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. கண்ணை மூடி, கைகளை நெஞ்சில் வைத்து, பிறகு விரலால் நிலத்துக்குக் கீழே காட்டினார். பிள்ளையைக் காட்டி, "நோ குட்" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு உடனே விளங்கியது. என் கணவருக்கு விளங்கவில்லை.

"உதைக் கொண்டுபோய் எறியுங்கோ. செத்தவனுக்கு வைக்கிற சாமான் பிள்ளை இருக்கிற வீட்டில என்னத்துக்கு?"

"அந்த மனுசிக்குப் பயந்து என்ர வீட்டில ஒரு சாமான் வைக்கேலாதோ? உமக்கு விசர் பிடிச்சிருக்கு."

அந்தப் பேரரசன் செத்தபோது, பிள்ளை பெறாத அவனுடைய பெண்களையும் அவனோடு சாகவைத்தார்கள் என்று பிற்பாடு நூலகத்தில் படித்தேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால், அவர்களுடைய முகங்கள் எங்கே என்று இவரைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் திங்களும் செவ்வாயும் நான் வேலைக்குப் போகவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அவர் சிலையைத் துடைத்து வைத்தார். நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று சூப்பர்வைசர் போனில் சொன்னான். ஊரில் இருந்தவர்கள் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

கணவருக்குப் பின்னேர வேலை, நடுச்சாமத்தில்தான் வந்து படுப்பார். புதன் காலை போர்வைக்குள் கிடந்தவரின் நெஞ்சில் பிள்ளையைக் கிடத்தினேன். "உங்கட சிப்பாயைப் பால் கரைக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது வாசலில் சிலை இல்லை. சீன அம்மாவின் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை அழுத சத்தத்துக்கு அவ வந்தவ. உள்ளுக்கு வரமாட்டன், உதை எடு எண்டு கையைக் காட்டினவ. பாவம், வயசுபோன மனுசி. உடன கொண்டுபோய்க் கார்பேஜில போட்டிட்டன்" என்றார்.

உடனேயாம். அந்த அம்மா வாய் திறந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, கையைத்தான் காட்டினார். இரண்டு நாள் கத்தியது நான்.