சத்தம் போடாத சைலன்சர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கைப்பேசியை என் காதருகே நீட்டி, "அப்பா, இதுல எது நல்லாருக்கு, சொல்லு" என்றாள். புதிதாக வாங்கியிருக்கும் பெரிய பைக்குக்கு வேறு சைலன்சர் மாட்டப்போகிறாளாம். கம்பெனி போட்டுக் கொடுத்தது பிடிக்கவில்லையாம். நன்றாக ஓடுகிற வண்டிக்கு எதற்கம்மா இன்னொரு குழாய் என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டாள். ஒன்று இடி, ஒன்று கிழட்டு இருமல், இன்னொன்று சோடா பாட்டில் உடைகிற மாதிரி. கடைசியாக ஒன்றைப் போட்டு, "இது ஓடுறதே தெரியாதுப்பா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது வேணாம்!" என்று கத்திவிட்டேன். விலையைப் பார்த்துத்தான் அலறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

விலை இல்லை. என்ன என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லியனூர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி ஒன்றில் நான் உதவியாளனாக இருந்தேன். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருப்பார். நான் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். கிராமத்தில் என்னைத்தான் மாட்டு டாக்டர் என்பார்கள். அந்தப் பட்டத்தை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. சட்டையில் பினாயில், பெட்ரோல், சாணி மூன்றின் வாசனையும் நிரந்தரமாகக் குடியிருந்தன. அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போனதற்கு ஜாதகம்தான் காரணம் என்றாள் அம்மா. எனக்குச் சட்டையின் மேல்தான் சந்தேகம்.

வண்டி, ஏலத்தில் எடுத்த பழைய புல்லட். அதன் சைலன்சர் துருப்பிடித்து, அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஸ்டார்ட் பண்ணினால் தெருநாய்கள் முதலில் ஓடும், பிறகு திரும்பி வந்து குரைக்கும். வெள்ளிக்கிழமை என்றால் சங்கராபரணி ஆற்றோரமாகச் செல்லிப்பட்டு வரை என் சுற்று. ஆற்றங்கரைத் திருப்பத்தில் நான் வரும்போதே சத்தம் ஊருக்குள் போய்விடும். நான் தெருமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே மாடுகளோடும் கன்றுகளோடும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். என் மேல் இவ்வளவு மரியாதையா என்று மீசையைத் தடவிக்கொள்வேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் என்னை யானை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு சொல்தாவால். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. அது போவதே தெரியாது, போன பிறகு தூசி தெரியும். அவர் வீட்டுப் பசுவுக்கு ஊசி போடப் போனேன். வேலை முடிந்து நான் வண்டியை உதைத்ததும் அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இன்னாப்பா, வண்டி ஓட்றியா, நெல்லு அரைக்கிறியா?"

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், வண்டிக்குச் சைலன்சரை மாற்றுவது என்று.

வில்லியனூர் ரயில்வே கேட் பக்கத்தில் மரியதாஸ் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். சைலன்சர் விற்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. சாமானைக் கையில் கொடுத்துப் பார்க்கவிட மாட்டார். "கண்ணால பாத்தா பளபளப்புல ஏமாந்துடுவ சார். காதால வாங்கு" என்பார். வாங்குகிறவன் சாலைக்கு அந்தப்பக்கம் போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக வண்டியில் கம்பி கட்டி மாட்டி, முறுக்கிக் காட்டுவார். நான் போஸ்ட் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தண்டனை கொடுத்தவன் போல நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

முதலாவது, பழைய கம்பெனி மாதிரியே 'டப் டப்' என்றது. இரண்டாவது குட்டையான ஒன்று, கேட்டதும் முதுகுத்தண்டு அதிர்ந்தது. மூன்றாவதற்காகக் காத்து நின்றேன். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"மாட்டிட்டீங்களா?" என்று திரும்பாமலே கத்தினேன்.

"ஓடிக்கினுதான் சார் இருக்குது!"

திரும்பிப் பார்த்தேன். வண்டி மெல்ல நடுங்கிக்கொண்டு நின்றது. நீளக் குழாய்க்குள்ளே ஓட்டை போட்ட இன்னொரு குழாயைச் செருகி, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து அவரே செய்தது. "இத்த போட்டா நீ வர்றது நாய்க்குக்கூட தெரியாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன். அது வியாழக்கிழமை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, என் சுற்று. எனக்கு ஒரே குஷி. காற்று கேட்டது, மைனா கத்துவது கேட்டது, பெட்டிக்குள் மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதுவதுகூடக் கேட்டது. முதல் ஊர்த் தெருமுனையில் யாரும் இல்லை. நான் இறங்கிப் பீடி பற்றவைத்த பிறகுதான் ஒருவர் பார்த்துவிட்டுக் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா சார், திருடன் மாரி வந்து நிக்கற?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மரமண்டைக்கு அப்போதும் எட்டவில்லை.

செல்லிப்பட்டிலும் தெருமுனை காலியாக இருந்தது. இன்றைக்குக் கேஸ் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். ஹாரன் அடித்திருக்கலாம். வண்டி வழுக்கிக்கொண்டு போன சுகத்தில் நிற்க மனம் வரவில்லை. அப்போது மணி எட்டு இருக்கும்.

மதியம் அதே வழியாகத் திரும்பினேன். தெருமுனையில் கூட்டம். மாட்டு வண்டி ஒன்று நின்றது. அதில் அந்தத் தெருவில் இருந்த அஞ்சலை என்பவளின் சிவப்புப் பசு நான்கு காலையும் விறைத்துக்கொண்டு கிடந்தது. இடப்பக்க வயிறு பானையாக ஊதியிருந்தது. விடியற்காலையில் அவிழ்த்துக்கொண்டு போய், மழை ஈரத்தோடு இருந்த பயிற்றங்கொடியை வயிறு முட்டத் தின்றிருக்கிறது. உப்புசம். என் பெட்டியில் அதற்கென்றே ஒரு குழல் வைத்திருந்தேன். வயிற்றில் குத்திக் காற்றை இறக்கிவிட்டால் மாடு அரைமணியில் எழுந்து அசைபோடும். இப்படி நான் எழுப்பிவிட்ட மாடுகள் நிறைய.

அஞ்சலை கூலி வேலைக்குப் போகிறவள். புருஷன் அறுவடைக்குப் பாகூர்ப் பக்கம் போயிருந்தான். வீட்டில் அவளும் அந்த மாடும்தான். காலையில் யாரோ ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பலாம் என்றிருக்கிறார்கள். "எதுக்கு, இன்னிக்கு வெள்ளிக்கெழம, எட்டு மணிக்கு டாக்டரே வரும், சத்தம் கேக்கும்" என்று சொல்லிவிட்டாளாம். மாட்டின் வாயைப் பிடித்து எண்ணெய் ஊற்றிக்கொண்டே சாலைப்பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பத்து மணிக்கு மாடு சாய்ந்துவிட்டது. நான் அவள் வீட்டிலிருந்து நூறடி தூரத்தில் போயிருக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை, திட்டவில்லை. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "காலையில நீ வரல இல்ல சார்? லீவா?" என்றாள்.

செத்த மாட்டைப் பார்த்த அதிர்ச்சி ஒரு பங்கு என்றால், அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்ததைக் கேட்ட அதிர்ச்சி பத்துப் பங்கு.

"ஆமா. லீவு" என்றேன்.

"அதான பாத்தேன். நீ இருந்தா உட்டுருப்பியா?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் தலையாட்டியது. வண்டி நகர்ந்தது.

அன்று சாயங்காலமே மரியதாஸ் முன்னால் போய் நின்றேன். "இன்னா சார், நேத்துதான போட்டம்" என்று வாயைப் பிளந்தார். இருக்கிறதிலேயே சத்தமாக இருப்பதை மாட்டச் சொன்னேன். முதுகைக் காட்டி நிற்கவும் இல்லை, கேட்டுப் பார்க்கவும் இல்லை. ஏன் என்று அவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரே அதிரும்படி போனேன். செல்லிப்பட்டுத் தெருமுனையில் நாலைந்து பேரோடு அஞ்சலையும் நின்றாள், வெறுங்கையோடு. எனக்கு வண்டியை நிறுத்தவே பயமாக இருந்தது. "பக்கத்து வூட்டு கன்னுக்குட்டி கழியுது சார், வந்து பாரு" என்று முன்னால் நடந்தாள். கன்றுக்கு மருந்து புகட்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள்தான் கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முகம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. பாகூருக்கு மாற்றல் வந்தபோது சொல்லிவிட்டே போவது என்று கிளம்பி, தெருமுனையில் எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவள் அதற்கப்புறம் மாடு வாங்கவே இல்லை.

போன ஞாயிறு மகளிடம் கத்திய பிறகு இரண்டு நாள் தூக்கம் இல்லை. புதன்கிழமை பஸ் பிடித்துச் செல்லிப்பட்டு போனேன். தெரு முழுக்க மாடி வீடுகள், சிமெண்ட் ரோடு. ஒரு கட்டுத்தறி இல்லை, சாணி வாசனை இல்லை. பால் பாக்கெட்டில் வருகிறது. விசாரித்துக்கொண்டு போய் நின்ற வீட்டில் அஞ்சலையின் மருமகள் இருந்தாள். அத்தை போய் ஆறு வருஷம் ஆகிறது என்றாள். நான் யார் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மாட்டு டாக்டரா? அத்த ஒங்களப் பத்தி சொல்லிக்கினே இருக்கும் சார். ஒரு வெள்ளிக்கெழம தவற மாட்டீங்களாம். ஒரே ஒரு வாட்டிதான் லீவு போட்டீங்களாமே."