சவுக்காரம் பூசிய படகு

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே, யாரோ ஒரு புண்ணியவான் என் கார் கதவை இடித்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். போன வாரம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஏசி போட்ட அறை, காப்பி இயந்திரம், கையில் கிரீஸ் படாத ஒரு தம்பி. நெளிவைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். தகடு ‘டொக்’ என்று உள்ளே போய்த் திரும்பி வந்தது.

“ஆன்டி, தட்டறதெல்லாம் இப்ப இல்ல லா. கதவ மாத்திடுங்க. பார்ட்ஸ் வர ரெண்டு மாசம் ஆவும்.”

மாற்றமாட்டேன் என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கதவுக்கு இவ்வளவு கோபமா என்று நீங்களும் கேட்பீர்கள். அந்தப் பையன் மேல் எனக்கு என்ன கோபம்? அந்த ‘டொக்’ சத்தம் எனக்கு ஒரு படகை ஞாபகப்படுத்திவிட்டது, அவ்வளவுதான்.

இளவயதில், கிள்ளானில் கார் நெளிவு எடுக்கும் பட்டறை ஒன்றில் நான் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். வெயிலில் நிற்காத உத்தியோகம் என்று அப்பாவுக்குப் பெருமை. வெயில் இல்லைதான், ஆனால் மேலே தகரக் கூரை. அதற்கடியில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் பணம் கேட்கும் காப்புறுதிப் பாரங்களைத் தட்டெழுதுவேன். பின்பக்கம் மணியம் தகடு தட்டுவான். அவனுக்கும் என் வயதுதான், வாய்க்கு மட்டும் இருபது வயது கூட. “கிராணியம்மா தட்டுனா பேப்பர்ல எழுத்து வருது, நான் தட்டுனா தோள்பட்டையில வலி வருது” என்பான். சுட்ட பெயின்ட் வாசனையோடுதான் மத்தியானச் சோற்றைச் சாப்பிடுவோம். இன்றைக்கும் பெயின்ட் வாசனை அடித்தால் எனக்கு ரசம் ஞாபகம் வரும். இதை வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றோரத்தில் கம்பம் என்று நாங்கள் சொல்லும் சிற்றூரில் வெள்ளம் இடுப்புக்கு மேல் ஏறியது. கம்பத்துக்கென்று ஓர் அலுமினியப் படகு இருந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். முங்கிக் கிடந்த ஒரு வேனின் கூரைமேல் அது ஏறி இறங்கியதில், அதன் அடிவயிறு உள்ளே குழிந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் அந்த வேன் எங்கள் பட்டறைக்கு வந்தது. விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘மேலிருந்து படகு மோதியது’ என்று தட்டெழுதியது நான்தான். காப்புறுதிக்காரர் போனில் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிச் சிரித்தார். வேனுக்குப் புதுக் கூரை கிடைத்தது. படகுக்குப் பாரம் நிரப்ப யாரும் வரவில்லை.

வந்தது சரோஜா அக்கா. கம்பத்தில் இருந்தவர், கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர். அவருடைய தம்பி செல்வம் அண்ணனுக்கு, லோரி விபத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. நல்ல கனமான ஆள். அந்த வெள்ளத்தில் கட்டிலோடு மிதக்க இருந்தவரை வெளியே கொண்டுவந்தது இந்தப் படகுதான். இப்போது அது ஒரு பக்கமாகச் சாய்கிறது, நேராக ஓடாது என்று கம்பத்துத் தலைவர் அதைப் பழைய இரும்புக்குப் போட முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோரி வருகிறதாம்.

“புது பைபர் படகு வரும்னு தலைவரு சொல்றாரு. வரட்டும். வந்தப்புறம் இத எடுக்கட்டும். நடுவுல தண்ணி வந்தா என் தம்பிய நான் எதுல தூக்குவேன்?” என்றார் அக்கா.

மணியம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, நான் ரோட்டுல ஓடற காடிக்குத் தட்டறவன். கப்பலுக்கு இல்ல” என்றான்.

“தகரந்தான? தட்டு.”

அத்தோடு பேச்சு முடிந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நாங்கள் கம்பத்துக்குப் போனோம். வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்றுதான் நானும் கிளம்பினேன்.

வெள்ளத்துக்கு அடுக்கிய மணல் மூட்டைகள் வாசல்களில் அப்படியே கிடந்தன. அவற்றை இழுத்துவந்து படகின் அடியில் அணை கொடுத்தோம். உள்ளே இறங்கி, குழிவின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரவேண்டும். மணியம் மரச் சுத்தியலால் ஒரு மணி நேரம் அடித்தான். தகடு இறுகிப்போய் இம்மி நகரவில்லை. அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்தேன். இரண்டு வருடம் பார்த்திருக்கிறேனே, தெரியாதா? இரும்புத் தகட்டைச் சிவக்கச் சுட்டால் சொன்னபடி கேட்கும். சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். சிவக்கவே இல்லை. வெள்ளையாகவே இருந்த தகடு, திடீரென்று தொய்ந்து பொத்துக்கொண்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக மணல் மூட்டை தெரிந்தது.

நெளிந்த படகாவது மிதக்கும். ஓட்டைப் படகு? தலைவர் செய்ய நினைத்ததை நானே செய்து முடித்துவிட்டேன். மணியம் வந்து பார்த்துவிட்டு, டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அணைத்தான். அழுகை வந்தது, அழுதேன்.

சரோஜா அக்கா குனிந்து பார்த்தார். “இது செவக்காது பிள்ள. வெறும் சட்டிய அடுப்புல மறந்து வெச்சிப் பாரு, இப்படித்தான் சொல்லாம கொள்ளாம ஒழுகிப் போவும். என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன்ல?”

கேட்கத் தோன்றவில்லை. காலமெல்லாம் அலுமினிய அண்டாவோடு மல்லுக்கட்டியவர் எதிரிலேயே நிற்க, நாங்கள் இரண்டு பேரும் இரும்பு சாஸ்திரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்கா வீட்டுக்குள் போய் துணி துவைக்கும் மஞ்சள் சவுக்காரக் கட்டியோடு வந்தார். விறகடுப்பில் ஏற்றும் முன் சட்டியின் அடியில் சவுக்காரம் பூசுவது அவர் வழக்கம். கரி பிடித்தாலும் கழுவ லேசாக வந்துவிடும். அதே கையோடு படகின் குழிவு முழுக்கத் தேய்த்தார். “இது கறுத்தா சட்டி நல்லா காஞ்சிருச்சின்னு அர்த்தம். அதோட நிப்பாட்டு.” மணியம் டார்ச்சை அகலமாக, மெதுவாக வீசினான். சவுக்காரம் பழுப்பாகிக் கறுத்ததும் நெருப்பை எடுத்தான். ஆறவிட்டு அடித்தபோது தகடு பிசைந்த மாவுபோல இளகி வந்தது. அதன் பிறகு குழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். டார்ச்சை என்னிடம் கொடுக்கவில்லை. சவுக்காரம் தேய்க்கும் வேலை கிடைத்தது.

ஓட்டைக்கு அக்கா தன் பெரிய அண்டாவின் மூடியைக் கொடுத்தார். மணியம் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கார் கண்ணாடி ஒட்டும் கறுப்புப் பசையைத் தடவி, சுற்றிலும் ரிவெட் அடித்தான். அதற்கப்புறம் வந்த கல்யாணங்களில் அந்த அண்டாவை வாழையிலை போட்டுத்தான் மூடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லோரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தலைவரும் கூடவே வந்தார். பசை இன்னும் காயவில்லை. அக்கா படகுக்குள் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“எறங்குக்கா. இது கவுந்து ஆள் போனா யாரு பதில் சொல்றது?” என்றார் தலைவர்.

“பசை காயட்டும், எறங்குறேன்.”

லோரிக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. சாயங்காலம் நாலு மணிக்குப் படகைக் கம்பத்துக்குப் பின்னால் இருந்த குளத்துக்கு இழுத்துப் போனோம். யார் முதலில் ஏறுவது என்று எல்லாரும் மரத்தையும் வானத்தையும் பார்த்தோம். நாற்காலியில் இருந்த செல்வம் அண்ணன்தான் குரல் கொடுத்தார்.

“என்னத் தூக்கி வைங்க. மூழ்குனா மொத ஆளு நான்தானே? நானே பாத்துக்கறேன்.”

தூக்கி வைத்தோம். நான் படகின் விளிம்பை விடவில்லை. ஓட்டை போட்டவள் நானல்லவா? படகு அசைந்து, கொஞ்சம் இறங்கி, நேராக நின்றது. அண்டா மூடி போட்ட இடத்தில் செல்வம் அண்ணன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுத்து எங்கள் பக்கம் காட்டினார். கை காய்ந்திருந்தது. லோரி காலியாகத் திரும்பிப் போனது. அடுத்த இரண்டு வெள்ளங்களில் அவரை வெளியே கொண்டுவந்ததும் அந்தப் படகுதான். பைபர் படகு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இப்போது கம்பமும் இல்லை. அந்த இடத்தில் நெடுஞ்சாலைத் தூண்கள் நிற்கின்றன. எங்கள் பட்டறை கைப்பேசிக் கடையாகிவிட்டது. மணியம் ஜொகூர் பக்கம் போனான், போன இடத்திலேயே இறந்தும் போனான். அக்காவையும் தம்பியையும் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் குடிவைத்தார்கள். இனிமேல் வெள்ளம் ஏறாது, படகு எதற்கு என்றார்கள். அக்கா கேட்கவில்லை. படகைக் கொண்டுவந்து கட்டடத்தின் கீழே போட்டு, மண் நிரப்பி, மஞ்சள் நட்டார். நிர்வாகம் கடிதம்மேல் கடிதம் போட்டது. அவரும் பத்திரமாக அடுக்கி வைத்தார். ஒருநாள் காலையில் இறங்கிப் பார்த்தால் மண்ணும் மஞ்சளும் தரையில் கொட்டிக் கிடந்தன. படகைக் காணவில்லை.

இன்று காலை அக்கா போன் செய்தார். லிஃப்ட் கெட்டுவிட்டது. மாற்ற வேண்டிய சாமான் வர ஒரு மாதம் ஆகுமாம். செல்வம் அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், இன்றைக்கு முறை.

“நீ வா. ஆளுங்க இருக்காங்க. எறக்கிடலாம்” என்றார்.

கதவு நெளிந்த காரிலேயே போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரைச் சேலையால் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். எழுபதைத் தாண்டிய அக்கா முன்னால் இறங்கி, ஒவ்வொரு படிக்கும் அதட்டல் போட்டார். ஆறாவது மாடியில் எல்லாரும் மூச்சு வாங்கி நின்றபோது, “மூழ்குனா மொத ஆளு நான்தானே, நடங்க” என்றார் செல்வம் அண்ணன்.

கீழே வந்ததும், படகு கிடந்த இடத்தில்தான் நாற்காலியை வைக்கவேண்டும் என்றார் அண்ணன். அங்கே இப்போது மோட்டார் சைக்கிள் நிறுத்த மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். மருத்துவமனை வேன் வரப் பத்து நிமிடம் இருந்தது. நிர்வாகத்து ஆள் ஒருவர் வேகமாக வந்து, இங்கே யாரும் உட்காரக்கூடாது, எழுந்திருங்கள் என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில், கோட்டுக்கு உள்ளே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.