எக்கோ பெட்டி வந்த ஒன்பது நாள்

எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். கணவர் துறைமுகத்தில் கிளார்க். மாதா கோயில் பாடற்குழுவில் நான் பாடுவேன். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் லீவில் வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு எக்கோ பெட்டி வாங்கி வந்தார். அதில் மைக்கைச் சொருகிப் பாடினால் குரல் பெரிய கோயிலுக்குள் பாடுவதுபோல் திரும்பத் திரும்பக் கேட்கும் என்றார். எங்கள் வீட்டு ஸ்பூல் டேப் ரிக்கார்டரில் என் குரலில் ஒரு மாதா பாட்டை எக்கோவோடு பதிந்து தரவேண்டும், கப்பலில் போட்டுக் கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, மனைவியின் ஊரான தருவைகுளத்துக்குப் போய்விட்டார். அவர் கப்பலேற பத்து நாள்தான் இருந்தது.

முதல் நாள் பெட்டியின் வயர் டேப் ரிக்கார்டரில் நுழையவில்லை. வயரின் முனை தடியாக ஒற்றைக் குச்சி, ரிக்கார்டரின் ஓட்டையில் ஐந்து சின்னத் துளைகள். கணவர் இரண்டு வயர்களை அறுத்து முறுக்கி ஒட்டி, மைக் படம் போட்ட ஓட்டையில் மாட்டினார். நான் ஒரு வரி பாடினேன். திருப்பிப் போட்டால் தகர டின்னில் ஜல்லிக்கல்லை உருட்டியதுபோல் ஒரே கரகரப்பு. ரிக்கார்டரின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தேன்.

"பக்கத்துல ரேடியோ படம் போட்ட ஓட்டை ஒண்ணு இருக்கே. அதுல மாட்டிப் பாருங்க" என்றேன்.

"பாட்டுப் படிக்கது நீ. ரேடியோவா படிக்குது? ஏளா, பேசாம இரு" என்றார்.

பேசாமல் இருக்கவும் விடவில்லை. தினமும் வேலை விட்டு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் பெட்டி முன்னால் உட்காருவார். ஒரு திருகைத் திருகுவார், "படி" என்பார். பாடுவேன். கரகரக்கும். மைக்கில் சேலைத் துணியைச் சுற்றுவார், "படி" என்பார். பாடுவேன். தள்ளி நின்று படி, சுவரைப் பார்த்துப் படி, கொஞ்சம் சத்தமாப் படி. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஓட்டையைப் பற்றி மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கும் நான் யோசனை சொல்லலாம் என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தது பாடுவதற்கு மட்டும்தான்.

ஒன்பதாம் நாள் ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சியை வீட்டுக்கே கூட்டி வந்தார். அண்ணாச்சி உட்காரக்கூட இல்லை. வயரை உருவி ரேடியோ ஓட்டையில் மாட்டினார். பெட்டியிலிருந்து வருகிற சத்தம் பெரிது, மைக் ஓட்டை அதைத் தாங்காது என்று விளக்கினார். கணவர் மைக்கில் ஹலோ சொன்னார். டேப்பைத் திருப்பிப் போட்டதும் அறை முழுக்க ஹலோ, ஹலோ, ஹலோ என்று அழகாகத் திரும்பி வந்தது.

"அண்ணாச்சி கை வச்சா வச்சதுதான்" என்றார் கணவர். என்னைப் பார்த்து, அண்ணாச்சிக்குக் காப்பி போடச் சொன்னார்.

"இதத்தான் நான் முதல் நாளே சொன்னேன்."

"நீ சும்மா சொன்ன. அண்ணாச்சி காரணத்தோட சொல்லுதாருல்லா."

காப்பியைக் கொடுத்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தேன். அப்போதுதான் தெரிந்தது, எட்டு நாள் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. மேல் ஸ்தாயி வரவே இல்லை. வெந்நீர் குடித்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் டேப்பைத் தருவைகுளத்தில் கொடுத்தாக வேண்டும். இருந்த கட்டைக் குரலில் கீழ்ச் சுருதியில் பாடி முடித்தேன். எக்கோ மட்டும் பிரமாதமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பெட்டி அருமையாக வேலை செய்திருக்கிறது, கப்பலில் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். கீழே தம்பிக்கு ஒரு வரி: நீ இவ்வளவு நன்றாகப் பாடுவாய் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அடுத்த தடவை அவளையே பாடச் சொல்.

கணவர் அதை இரண்டு முறை வாசித்துச் சிரித்தார். பதிலை அவரையே எழுதச் சொல்லிவிட்டு, நான் பாடற்குழுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டேன்.