அந்தப் பெண் ஏன் ஓடவில்லை?

போன வாரம் இந்தப் பக்கத்தில் மூன்று திகில் புத்தகங்களுக்கு மார்க் போட்டிருந்தேன், நினைவிருக்கிறதா? ரோபோக்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் எதிர்கால நாவலுக்கு ஏழு. செத்தவர்கள் தினமும் ஆபீசுக்குப் போகும் கதைக்கு ஆறு. சுவர் வெடிப்பு ஒரு குடும்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும் நாவலுக்கு... நாலு.

நாலுக்குக் காரணமும் எழுதினேன். ‘சுவர் வாயைத் திறக்கிறது என்று தெரிந்தும் அந்தப் பெண் ஏன் வீட்டைவிட்டு ஓடவில்லை? லாஜிக் ஓட்டை.’ எழுதிவிட்டு, பெரிய விமர்சகன் என்ற நினைப்பில் காலாட்டிக்கொண்டு பிளேன்டீ குடித்தேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து புஷ்பராணி. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்பவர். மதியம் குழந்தைகள் தூங்கும்போது பேய்க்கதை படிப்பாராம்.

"சார், நாலு மார்க் போட்டது நீங்கதானே? ஒருக்கா வந்து எங்க சுவரைப் பாத்துட்டுப் போங்க."

போனேன். ரிவர்ஸ்டன் மலைப் பனியைப் பார்க்கச் சுற்றுலா வேன்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்குள் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அவருடையது தொங்கல் காம்பரா — தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. பின்சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. என் கை உள்ளே போனது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கீற்றாக வெட்டி, மாப்பசை தடவி, வெடிப்பின் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தேதி. அந்த லயத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தானாம்.

"தாள் கிழிஞ்சா மண்ணு நகருதுன்னு அர்த்தம். காலைல எந்திரிச்சதும் மொதல்ல அதைத்தான் பாப்போம் சார்."

நான்கு தாள்களில் மூன்று கிழிந்திருந்தன. நான்காவது நேற்று ஒட்டியது.

"கிழிஞ்சா என்ன செய்வீங்க?"

"புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மடுவத்துக்குப் போவோம். மடுவமும் இதே மேட்டுக்குக் கீழதான் இருக்கு."

பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்தப் பொம்பள ஏன் ஓடலன்னு எழுதியிருந்தீங்களே... எங்க ஓடுறதுன்னு நீங்க சொல்லுங்க."

கூனிக் குறுகிப்போனேன்.

கோபம் அதற்கப்புறம் வந்தது, அவர் ஒரு கடிதத்தைக் காட்டியபோது. அண்மையில் பெய்த பெருமழை விட்டதும் அதிகாரிகள் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். தமிழர் லயத்துக்கு முழுக்க முழுக்கச் சிங்களக் கடிதம். டவுனில் சிங்களம் கற்று வளர்ந்த நானே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. மொத்தம் மூன்று வரி. இது அபாய வலயம். உடனே வெளியேறவும். மீறித் தங்கினால் பொறுப்பு உங்களுடையது.

காணி தர வேண்டியது அரசாங்கம் என்கிறதாம் தோட்ட நிர்வாகம். காணி தோட்டத்துடையது என்கிறதாம் அரசாங்கம். இரண்டு தரப்புக்கும் சுவர் வெடிக்கவில்லை, பேசிக்கொண்டே இருக்கலாம். இந்த மலை முழுக்கத் தேயிலை நட்ட சனத்துக்கு, வீடு கட்ட ஒரு துண்டு மண் இல்லையா? வயிறு எரிகிறது. பொறுப்பு உங்களுடையது என்று எழுத எப்படித்தான் கை வந்ததோ!

அந்த நாவலுக்குப் போட்ட நாலு மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பத்துக்குப் பத்து. அதை எழுதியவர் ஏதோ ஒரு லயத்தில் தாள் ஒட்டியவராகத்தான் இருக்க வேண்டும்.

கையோடு கடிதத்துக்கும் மார்க் போட்டுவிடுகிறேன். வெளியேறச் சொன்னவர்கள், எங்கே என்று எழுதவில்லை. லாஜிக் ஓட்டை.

பத்துக்குப் பூஜ்யம்.