ஒன்றில் வைத்தாலும் உறையும் ஐஸ்பெட்டி

ஐஸ்பெட்டி குளிரவில்லை என்று கூப்பிட்டால் எங்கள் தொழிலில் பயமே இல்லை. அதிகமாகக் குளிருகிறது என்று கூப்பிட்டால்தான் தலைவலி. ஈப்போவில் இந்த வேலை பார்க்கும் எனக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் உங்களுக்கும் இது புரியும்.

கீரை விறைத்தது

சிலிபினில் அமுதா அக்கா வீடு. மேலே பிரீசர் ஓயாமல் ஓடி, கீழ்த்தட்டில் இருந்த கீரை வரை விறைத்துக் கிடந்தது. கீரை போனால் போகிறது. அதன் பக்கத்தில் அவர் கணவரின் இன்சுலினும் உறைந்திருந்தது. உறைந்த மருந்தைப் போடக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம். அவருக்கோ இனிப்புநீர் ஏறிக்கொண்டே போகிறது என்று அக்கா கலங்கினார்.

குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பார்த்தேன். ஏழில் இருந்தது. அதுதான் உச்சக் குளிர். அட, இவ்வளவுதானா என்று இரண்டுக்குத் திருப்பினேன். அக்கா என்னை முறைத்தார்.

"தம்பி, காலையிலதான் நானே ஒண்ணுல வச்சேன். பேயா வந்து திருப்புச்சு?"

தெர்மோஸ்டாட் மாற்றியும்

அடுத்த வாரமே மறுபடி போன். போய்ப் பார்த்தால் குமிழ் ஒழுங்காக ஒன்றில் இருக்கிறது, புது மருந்தோ உறைந்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். கதவு ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மானத்தை விட்டு, செமோரில் கடை வைத்திருக்கும் கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஒண்ணுல வச்சே உறையுதுன்னா அது ஐஸ்பெட்டி இல்ல லா, குளிரடிக்கிற கேமரன் மலை."

ஏர்கோன் கணக்கு

மூன்றாவது தடவை, அடுப்படியில் சாமான்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கணவர் வந்தார். ஐஸ்பெட்டியைத் திறந்தார். ஒன்றில் இருந்த குமிழை ஏழுக்குத் திருப்பினார்.

"அண்ணே, என்ன செய்றீங்க!" என்று அலறிவிட்டேன்.

அவர் நிதானமாக விளக்கினார். "ஏர்கோன்ல பதினாறு வச்சா நடுங்குது, இருபத்தஞ்சு வச்சா குளிர் குறையுது. இதுவும் அப்படித்தான லா? யாரோ சும்மா சும்மா ஒண்ணுல வச்சு என் மருந்த உறைய வைக்கிறாங்க."

அந்த 'யாரோ' அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தாப்பாவில் அக்காவின் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் போகாததிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பேச்சு இல்லையாம். இரண்டு பேரும் குளிரைக் குறைக்கத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் திருப்பி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மருந்து தப்பியிருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"பேச்சே இல்லன்னா, அவரு மருந்துக்கு ஏன்க்கா இப்படித் தவிக்கிறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

அக்கா அவரை விலக்கிவிட்டுக் குமிழை ஒன்றுக்குத் திருப்பினார்.

"பேச்சுதான் வேணாம் தம்பி. ஆளு வேணும் லா."

ஆகவே, என்னைப் போல் அல்லல்படும் அன்பர்களே, உங்கள் ஐஸ்பெட்டி காரணமில்லாமல் உறைந்தால் என்னைக் கூப்பிடுமுன் வீட்டில் பேசாமல் இருப்பவரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள், எனக்கு ஒரு கூலி போனாலும் பரவாயில்லை.