படகு சங்கத்துக்கு ஓர் இளைஞர் தேவை

எங்கள் படகு சங்கத்திலேயே இளையவன் நான்தான். வயது ஐம்பத்திரண்டு.

போன கூட்டத்தில் தலைவர் மேசையைத் தட்டினார். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஆறும் வேண்டாம், படகும் வேண்டாம். ஒருத்தரையாவது புடிச்சுட்டு வாங்க. இல்லீனா சங்கத்தப் பூட்டிரலாம்."

இன்று பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரும் பஸ்ஸில் என் தோளில் ஒரு துடுப்பு இடித்தது.

திரும்பினால், பின் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். மடியில் காற்றடிக்கும் படகை மடித்து வைத்த பை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது!

"எங்க படகு சங்கத்துல சேந்துக்க சாமி," என்றேன். "மாசாமாசம் கூட்டம், டீ, போண்டா எல்லாம் உண்டு."

"படகு எப்பங்க ஓட்டுவீங்க?"

நான் ஜன்னல் வழியே வாழைத்தோப்பைப் பார்த்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்களுக்குச் சங்கமெல்லாம் இல்லீங்க, வாட்ஸ்அப் குரூப்தான். காத்தால ஆத்துல எறங்கிருவோம். நீங்களும் வாங்க." அங்கேயே என்னைச் சேர்த்தும் விட்டாள்.

குரூப்பின் படத்தைப் பெரிதாக்கினேன். நடுவில், ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில், பல்லெல்லாம் தெரிய எங்கள் தலைவர்!

அந்த நேரம் பார்த்து அவரிடமிருந்தே செய்தி வந்தது: "நாளைக்கும் வாரேன் கண்ணுங்களா. எங்க சங்கத்துக்காரங்களுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

பஸ் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

சொல்லுங்கள் நண்பர்களே, அடுத்த கூட்டத்தை ஆற்றிலேயே வைத்துவிடலாமா? போண்டா என் பொறுப்பு.