இன்ஜின் ஓடாமலே ஏறிய முள்

மங்கலம் ரோட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு அந்தக் கார் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் ஓடும் பவர்லூம் கொட்டகையையே மீறிக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருசப் பழைய வெளிநாட்டு செடான், டர்போ பெட்ரோல் இன்ஜின். ஓட்டி வந்தவர் ஜட்டிகளுக்கு எலாஸ்டிக் நெய்து கொடுக்கும் கம்பெனியின் முதலாளி. பக்கத்து சீட்டில் அவர் மனைவி, காதில் பஞ்சோடு.

"வண்டியில கோளாறுன்னு ஒண்ணும் இல்லீங்க தம்பி. ஏற்கெனவே வெளியூர்ல ட்யூன் பண்ணினதுதான். முந்நூறு குதிரை சக்தி இருக்குது. இன்னும் அம்பது ஏத்திக் குடுங்க போதும்" என்றார்.

"டெம்போவைத் தாண்டறதுக்கே ஏ.சி.யை அணைக்கச் சொல்றாருங்க" என்றார் அந்த அக்கா.

முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்கண்ணாடி ஓரத்தில் நீல வெளிச்சத்தோடு மினுங்கிய வட்ட மீட்டரைத் தொட்டுக் காட்டினார். டர்போ எவ்வளவு காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கிறது என்று 'பார்' என்ற அளவில் சொல்லும் மீட்டர் அது. "ஒன்னரை பார் அடிக்குதுங்க. என்ற சிநேகிதங்க இதப் பாக்கறதுக்குன்னே வண்டியில ஏறுவாங்க."

"பழைய வண்டி சார். ஏத்துறதுக்கு முன்னால ஒருதடவ முழுசாப் பாத்துருவோம்" என்றேன்.

எங்கள் குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்காகக் கோவில்பட்டிப் பக்கமிருந்து இங்கே வந்தது. முதலாளிகளிடம் பதமாகப் பேசுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைவந்த கலை. ஆனால் முதலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. முள் ஒன்றரையில் நிற்கிறது, சத்தம் காதைக் கிழிக்கிறது, துணி மூட்டை ஏற்றிய ஒரு டெம்போ சாவகாசமாக என்னை முந்திப் போகிறது.

திரும்பி வந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஆக்சிலரேட்டரை மிதித்துச் சோதித்தேன். மீட்டரின் முள் ஏறியது. காலை எடுத்தேன், இறங்கியது. மறுபடி மிதித்தேன். ஒன்றரை பார்!

இன்ஜின் ஓடினால்தான் டர்போ சுற்றும். மீட்டரின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது போய்ச் சேர்ந்த இடம் டர்போ பக்கமே இல்லை, ஆக்சிலரேட்டர் பெடல். காலை அழுத்தினால் முள் ஏறும், அவ்வளவுதான் அந்த மீட்டருக்குத் தெரிந்த வித்தை. லேப்டாப்பை மாட்டினால் அடுத்த கூத்து. இன்ஜின் சக்தியை ஏற்ற மாற்றவேண்டிய புரோகிராம், கார் செய்தவர்கள் போட்டபடி அப்படியே இருந்தது. அந்த வெளியூர் ட்யூனர் அதைத் தொடவே இல்லை.

முதலாளியைக் கூப்பிட்டு, இன்ஜினை அணைத்து வைத்தே முள்ளை ஏற்றிக் காட்டினேன். கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப சென்சிட்டிவான மீட்டருங்க" என்றார்.

அடுத்து, இன்ஜினுக்குக் காற்று போகும் வாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றை அளவாக உள்ளே விட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்தேன். அடியில் ஒரு ரப்பர் ஹோஸில் நுரை பொங்கியது. விரல் நீளத்துக்குக் கிழிசல். அதன்மேல் யாரோ எலாஸ்டிக் பட்டையை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். டர்போ தள்ளிய காற்றில் பாதி அந்த வழியாகத்தான் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இது நம்ம சரக்காச்சே!"

"டிரைவர் கட்டியிருப்பான்" என்று சொன்ன முதலாளி, பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார். "எஞ்சின் சூட்டுலயும் இழுவை போகல பாத்தீங்களா தம்பி?"

ஹோஸையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன். பொய் மீட்டரைக் கழற்றிவிட்டு, உண்மையான அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை முறையாக இணைத்தேன். இந்த வயதான இன்ஜினுக்கு இது போதும், ஐம்பது குதிரையை மறந்துவிடுங்கள் என்றும் சொன்னேன். மூவருமாகக் கிளம்பினோம். மூன்றாவது கியரில் முதலாளி மிதித்ததும் கார் பாய்ந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, ஊட்டுல புள்ளைங்க இருக்குதுங்க!" என்று கத்தினார். பின்சீட்டில் இருந்த நான், முதலாளி முகத்தில் சந்தோஷம் வரும் என்று முன்னால் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது முள்ளை.

"புள்ளி எட்டுதானுங்களா? முன்ன ஒன்னரை வந்துச்சே. பாதியாக் கொறச்சுட்டீங்களே தம்பி!"

"சார், இப்பத்தான் வண்டி ஓடுது."

"ஓடறது எனக்குத் தெரியுதுங்க. ஏறி உக்கார்றவனுக்கு முள்ளுதானுங்களே தெரியும்?"

அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் பொய் மீட்டரைப் பழைய இடத்திலேயே, பழைய ஒயரிலேயே, என் கையாலேயே மாட்டிக் கொடுத்தேன். நிஜ மீட்டர் டேஷ்போர்டு பெட்டிக்குள் போனது. எனக்கும் ரோசம் அந்த அரை மணி நேரம்தான் தாங்கியது.

அடுத்த மாதம் அவருடைய சிநேகிதர் ஒருவர் தன் டர்போ காரோடு வந்தார். அதை ஸ்டார்ட் செய்தபோதே உள்ளே எங்கோ காற்று சீறுவது எனக்குக் கேட்டது. "ஹோஸ் எங்கயோ கிழிஞ்சிருக்கு சார், பாத்துருவோமா?" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. அவரு வண்டியில இருக்கற மீட்டரு என்ன கம்பெனிங்க?" என்றார்.